கிளைம் போட்டால் பிரீமியம் எகிறுமா? வீட்டு இன்சூரன்ஸ் எடுத்தவர்களை மிரட்டும் பயமும், உண்மைக் கணக்கும்

சென்னை:

வடகிழக்கு பருவமழை தொடங்கினாலே தாழ்வான பகுதியில் வீடு கட்டியவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு சென்னையை மூழ்கடித்தது. 2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களை வேரோடு சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் சென்னையைத் தத்தளிக்க வைத்தது. அந்த ஈரம் காய்வதற்குள் அதே மாதம் தூத்துக்குடி, நெல்லையில் பேய்மழை கொட்டியது. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் விழுப்புரம், புதுச்சேரி பக்கம் கைவரிசையைக் காட்டியது.

மிச்சாங் புயலின்போது பாதிக்கப்பட்ட ரேஷன் அட்டைதாரர்களுக்கு தமிழக அரசு ரூ.6 ஆயிரம் நிவாரணம் கொடுத்தது. அவசரத்துக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் தண்ணீரில் ஊறிய பிரிட்ஜ், வாஷிங்மெஷின், கட்டில், பீரோ, விரிசல் விட்ட சுவர் எல்லாவற்றையும் சரி செய்ய அது எந்த மூலைக்கு?

இந்த இடத்தில் கைகொடுக்க வேண்டியது வீட்டு இன்சூரன்ஸ். ஆனால் பாலிசியைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, ‘கிளைம்’ போடாமல் கைக்காசைச் செலவழிப்பவர்களும் இருக்கிறார்கள்.

காரணம் கேட்டால், "ஒரு தடவை கிளைம் போட்டா அடுத்த வருஷம் பிரீமியத்தை ஏத்திடுவான் சார். எதுக்கு வம்பு?" என்கிறார்கள்.

இந்தப் பயம் நியாயமானதா? இல்லை, கைக்கு வர வேண்டிய பணத்தை நாமே விட்டுக் கொடுக்கிறோமா? பார்ப்போம்.

பயம் எங்கிருந்து வந்தது?

நம்ம ஜனங்களுக்கு இன்சூரன்ஸ் என்றால் முதலில் தெரிந்தது பைக் இன்சூரன்ஸ்தான். அதில் ‘நோ கிளைம் போனஸ்’ என்று ஒன்று உண்டு.

முதல் வருஷம் கிளைம் போடாமல் இருந்தால், நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. 2 வருஷம் என்றால் 25 சதவீதம். 3 வருஷத்துக்கு 35, 4 வருஷத்துக்கு 45, 5 வருஷம் தொடர்ந்து போடாவிட்டால் 50 சதவீதம். மூன்றாம் நபருக்கான பிரீமியத்தில் இந்தத் தள்ளுபடி கிடையாது.

நடுவில் ஒரு தடவை கிளைம் வாங்கினால் போச்சு. ஏணியில் ஏறியவன் பாம்பு கொத்தி கீழே வந்த கதைதான். மறுபடியும் பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். தள்ளுபடி இல்லாமல் சேத பிரீமியம் ரூ.1,500 என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீத போனஸ் இருப்பவர் ரூ.750 மட்டும் கட்டுவார். அவர் ஒரு கிளைம் வாங்கிவிட்டால் முதல் வருஷம் ரூ.1,500, அடுத்த வருஷம் ரூ.1,200, பிறகு ரூ.1,125, ரூ.975, ரூ.825 என்று கட்டி, 6-வது வருஷம்தான் பழைய ரூ.750-க்குத் திரும்புவார்.

அந்த 5 வருஷத்தில் அவர் கூடுதலாகக் கட்டும் பணம் மொத்தம் ரூ.1,875. அதாவது ரூ.1,500 செலவாகும் இன்டிகேட்டர் உடைசலுக்குக் கிளைம் போட்டால் நஷ்டம். ரூ.15 ஆயிரம் சேதத்துக்குப் போட்டால் லாபம்.

இந்த பைக் பாடத்தைத்தான் பலர் அப்படியே வீட்டுக்கும் பொருத்திப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

வீட்டுக்கு வேற கணக்கு!

வீட்டு இன்சூரன்சில் பைக் மாதிரி நாடு முழுக்க ஒரே போனஸ் ஏணி கிடையாது.

2007 ஜனவரிக்கு முன்பு தீ விபத்து பாலிசிகளுக்கு நாடு முழுவதும் ஒரே கட்டணப் பட்டியல் இருந்தது. அதன் பிறகு கம்பெனிகளே விலை வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அதனால் ஒரு கம்பெனி கிளைம் வாங்கியவரைக் கண்டுகொள்ளாமல் பழைய பிரீமியத்துக்கே புதுப்பிக்கும். இன்னொரு கம்பெனி கொஞ்சம் ஏற்றும். வேறு சில கம்பெனிகள், கிளைம் போடாதவர்களுக்குக் கொடுக்கும் சிறு தள்ளுபடியை மட்டும் நிறுத்தும்.

விலையை முடிவு செய்யும்போது கம்பெனிக்காரர்கள் பார்க்கும் விஷயங்கள் பல. வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும், கான்கிரீட் வீடா கீற்று வேய்ந்ததா, எந்த ஊர், தண்ணீர் நிற்கும் இடமா, நிலநடுக்க அபாயம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் அடங்கும். முன்பு கிளைம் வாங்கியிருக்கிறாரா என்பது அதில் ஒரு கேள்வி. அது மட்டுமே கேள்வி அல்ல.

அதிலும் புயல், வெள்ளத்தில் வாங்கிய கிளைமுக்கும், வீட்டுக்குள் பைப் உடைந்து வருஷா வருஷம் வாங்கும் கிளைமுக்கும் வித்தியாசம் இருக்கிறது. புயலுக்கு வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஆனால் ஒரே பைப் 3 தடவை உடைந்தால், "இவர் ரிப்பேர் பண்ணாம நம்ம தலையில கட்டுறார்" என்று கம்பெனி நினைக்கும். அங்கேதான் பிரீமியம் ஏறும். புதுப்பிக்கும்போது கெடுபிடியும் வரும்.

ரூ.80 ஆயிரமா, ரூ.500-ஆ?

சரி, மோசமான நிலையையே எடுத்துக்கொள்வோம். கம்பெனி ஏற்றுகிறது என்றே வைத்துக்கொள்வோம்.

கணக்கு புரிவதற்காக ஒரு உதாரணம். வீட்டு மதிப்பு ரூ.20 லட்சம். பிரீமியம் வருஷத்துக்கு ரூ.2 ஆயிரம். வெள்ளத்தில் ரூ.80 ஆயிரத்துக்கு சேதம். கிளைம் வாங்கியதும் அடுத்த வருஷம் 25 சதவீதம் ஏற்றிவிட்டார்கள். அதாவது ரூ.500 கூடுதல்.

வருஷம் ரூ.500 வீதம் கட்டினால் வாங்கிய ரூ.80 ஆயிரம் தீர்ந்துபோக 160 வருஷம் ஆகும்! பேரன் காலத்திலும் தீராது.

வீட்டு பாலிசியில் பிரீமியம் சின்னது, இழப்பு பெரியது. பைக்கில் அப்படி இல்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ரூ.500-க்குப் பயந்து ரூ.80 ஆயிரத்தை விடுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

அதே நேரத்தில், ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்து ரூ.1,500 செலவு என்றால் கைக்காசைப் போட்டு மாட்டிவிடுவதே புத்திசாலித்தனம். போட்டோ, பில், சர்வேயர் வருகை என்று அலைகிற நேரத்துக்கே அந்தப் பணம் சரியாகிவிடும். கிளைம் பட்டியலில் ஒரு எண்ணிக்கையும் கூடும்.

பெரிய சேதத்துக்குக் கிளைம் போடுங்கள். சில்லறை ரிப்பேரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இதுதான் சூத்திரம்.

கிளைம் பணத்திலேயே பிடிப்பது என்ன?

அடுத்த வருஷ பிரீமியத்தைப் பற்றிக் கவலைப்படும் பலருக்கு, இந்த வருஷமே ஒரு தொகை பிடிக்கப்படலாம் என்பது தெரியாது.

2021 ஏப்ரல் 1-ந் தேதி முதல் பொதுக் காப்பீட்டு கம்பெனிகள் எல்லாம் ‘பாரத் கிரஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைக் கட்டாயம் விற்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டது. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி அல்லது பைப் உடைப்பு எல்லாம் இதில் அடக்கம்.

இந்த பாலிசியில் ஒரு நல்ல அம்சம் உண்டு. ரூ.20 லட்சத்துக்குப் பாலிசி எடுத்து ரூ.2 லட்சம் கிளைம் வாங்கினாலும், பாதுகாப்பு ரூ.18 லட்சமாகக் குறையாது. மறுபடியும் முழு ரூ.20 லட்சமாகவே இருக்கும். ஆனால் அப்படி நிரப்பிய ரூ.2 லட்சத்துக்கு, மிச்சம் இருக்கும் காலத்துக்கான பிரீமியத்தை நம்மிடம் வாங்குவார்கள். கிளைம் பணத்திலேயே கழித்தும் கொடுப்பார்கள்.

இது பெரிய தொகையா? மேலே சொன்ன ரூ.2 ஆயிரம் பிரீமியக் கணக்கையே பாருங்கள். வருஷத்தின் நடுவில், 6 மாதம் மிச்சம் இருக்கும்போது ரூ.2 லட்சம் கிளைம் வாங்கினால் பிடிப்பது ரூ.100 மட்டுமே. ரூ.2 லட்சம் வாங்குபவர் ரூ.100-ஐப் பார்த்து பயப்படத் தேவையில்லை. ஆனால், "ஏன் பிடிச்சீங்க?" என்று தெரியாமல் சண்டை போடவும் வேண்டாம்.

இதே பாலிசியை 10 வருஷம் வரை ஒரே மூச்சில் எடுக்கலாம். அப்படி எடுத்தவர்களுக்கு நடுவில் கிளைம் வாங்கினாலும், அந்தக் காலம் முடியும் வரை வருஷா வருஷம் பிரீமியம் ஏறுமோ என்ற பேச்சே கிடையாது. காப்பீட்டுத் தொகையும் வருஷத்துக்கு 10 சதவீதம் தானாக உயரும்.

கிளைம் போடாதவருக்கும் ஏறும்!

‘நான் கிளைம் போடவில்லை, எனக்கு ஏன் ஏறியது?’ என்று கேட்பவர்களும் உண்டு. இதற்கும் காரணம் இருக்கிறது.

நம்ம ஊர் கம்பெனிகள் தங்கள் தலையில் விழும் சுமையில் ஒரு பகுதியை வேறு பெரிய கம்பெனிகளிடம் இன்சூரன்ஸ் செய்துவிடும். இதற்கு மறுகாப்பீடு என்று பெயர். ஒரு பெரிய வெள்ளம் வந்து ஆயிரக்கணக்கானவர்கள் கிளைம் வாங்கினால், மறுகாப்பீட்டு கம்பெனிகள் தங்கள் விலையை ஏற்றும். அந்த விலை கடைசியில் நம் பிரீமியத்தில் வந்து விழும். கிளைம் போட்டவர், போடாதவர் என்ற பேதமே அதில் கிடையாது.

சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி ஏறினால் வீட்டைத் திரும்பக் கட்டும் செலவும் ஏறும். அதற்குத் தகுந்தபடி காப்பீட்டுத் தொகையை உயர்த்தும்போது பிரீமியமும் ஏறும்.

போதாதற்கு ஜி.எஸ்.டி. வேறு. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் தனிநபர் ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீட்டுக்கு வரி நீக்கப்பட்டது. வீட்டு பாலிசிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

ஆகவே, நீங்கள் வாயை மூடிக்கொண்டு நஷ்டத்தைத் தாங்கினாலும், பக்கத்து தெருக்காரர் வாங்கிய கிளைமின் பாரம் உங்கள் தலையிலும் ஏறத்தான் போகிறது. அப்படியிருக்க, உங்கள் பங்கை மட்டும் ஏன் விட வேண்டும்?

அமெரிக்காவில் நிலைமை வேறு

‘கிளைம் போட்டால் விலை ஏறும்’ என்ற பேச்சு பலமாக இருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே ஒருவர் வீட்டுக்கு வாங்கிய கிளைம்கள் 7 வருஷம் வரை ‘குளூ’ என்ற தகவல் பதிவேட்டில் இருக்கும். வேறு கம்பெனிக்குப் போனாலும், அவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள்.

அங்கேயும் கிளைம் போடாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு இடி விழுந்தது. 2024 மார்ச்சில் ‘ஸ்டேட் பார்ம்’ என்ற பெரிய கம்பெனி, கலிபோர்னியாவில் சுமார் 72 ஆயிரம் பாலிசிகளைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கையை விரித்தது. காட்டுத்தீ அபாயமும், கட்டுமானச் செலவும், மறுகாப்பீட்டுச் செலவும்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்சில் காட்டுத்தீ ஆயிரக்கணக்கான வீடுகளைத் தின்றது. அதன் பிறகு அதே கம்பெனி அங்கே வீட்டு பாலிசி விலையை ஏற்ற அவசர அனுமதியும் வாங்கியது.

இடத்தின் அபாயம் கூடும்போது, தனி ஆள் கிளைம் போட்டாரா இல்லையா என்பது சின்ன விஷயமாகிவிடுகிறது.

மறைத்தால்தான் வம்பு

கம்பெனி மாறும்போது விண்ணப்பத்தில், ‘முன்பு கிளைம் வாங்கியிருக்கிறீர்களா?’ என்று கேட்டிருப்பார்கள். சிலர் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிடுகிறார்கள். ஏஜெண்டே நிரப்பிக் கொடுத்த படிவத்தில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுபவர்களும் உண்டு.

இது பெரிய தப்பு. உண்மையை மறைத்தது பின்னால் தெரிந்தால் பாலிசியையே ரத்து செய்யலாம். கட்டிய பணமும் போகும், வர வேண்டிய கிளைமும் போகும். உண்மையைச் சொன்னால் போவது நூறோ, இருநூறோதான். பொய் சொன்னால் வீட்டு மதிப்பே போய்விடும்.

பாலிசி இருப்பதே தெரியாதவர்கள்

வீட்டுக் கடன் வாங்கியவர்கள் பலருக்குத் தங்கள் வீடு இன்சூரன்ஸ் செய்யப்பட்டிருப்பதே தெரியாது. கடன் கொடுக்கும்போதே வங்கிக்காரர்கள் ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் இதுவும் ஒன்றாக இருக்கும். பணமும் கடன் கணக்கிலேயே சேர்ந்திருக்கும்.

கடன் வாங்கியவர்கள் இன்றே வங்கிக்குப் போய், "என் வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்களா? பாலிசி நகல் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். அதில் வங்கியின் பெயர் இருந்தால் கிளைம் பணம் வங்கி வழியாக வரலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, கடன்காரர் இறந்தால் கடனை அடைக்கும் பாலிசி வேறு, வீடு இடிந்தால் பணம் தரும் பாலிசி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களும் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். சொந்த வீட்டுக்காரர் பாரத் கிரஹ ரக்ஷா எடுத்தால், கட்டிட மதிப்பில் 20 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் வரை சாமான்களுக்குத் தானாகவே பாதுகாப்பு உண்டு. நகைக்கு இது பொருந்தாது, தனியாகச் சேர்க்க வேண்டும். நிலத்தின் விலைக்கும் இன்சூரன்ஸ் கிடையாது. திருட்டு என்றால், புயல், வெள்ளம் மாதிரி சம்பவத்தைத் தொடர்ந்து 7 நாட்களுக்குள் நடந்ததற்கு மட்டும்தான்.

சேதம் ஆனதும் என்ன செய்யணும்?

* தண்ணீர் வடிந்ததும் துடைத்துக் கழுவும் முன்பு செல்போனில் போட்டோ, வீடியோ எடுங்கள். சுவரில் தண்ணீர் ஏறிய கோடு தெரியும்படி எடுப்பது முக்கியம்.

* கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். சேதம் தெரிந்த 30 நாட்களுக்குள் கிளைம் படிவம் கொடுக்க வேண்டும். தாமதம் செய்தால் நீங்களே வாய்ப்பைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

* சர்வேயர் வந்து பார்க்கும் முன்பு பழுதான பிரிட்ஜ், மெத்தையைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள்.

* பில் இல்லையே என்று கிளைமை விட்டுவிட வேண்டாம். காகிதம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி கிளைமைத் தள்ளக்கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

* புதுப்பிக்கும்போது பிரீமியம் ஏறியிருந்தால், "எதுக்காக ஏத்தினீங்க?" என்று எழுத்தில் கேளுங்கள். பழைய பாலிசி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே 2, 3 கம்பெனிகளில் விலை விசாரியுங்கள். பாலிசி மாறுவது உங்கள் உரிமை. ஆனால் ஒரு நாள்கூட இடைவெளி விடாதீர்கள். புயல் அந்த ஒரு நாளில்தான் வரும்!

மறுத்தால் எங்கே போவது?

கிளைமை மறுத்தாலோ, குறைத்துக் கொடுத்தாலோ முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் இலவச எண் 155255. ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் புகார் பதியலாம்.

ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. ரூ.50 லட்சம் வரையிலான வழக்குகளை விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி கையை விரித்த நாளில் இருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

பிரீமியம் கட்டுவது கம்பெனியை வாழ வைக்க அல்ல. வீடு விழுந்த அன்று நாம் எழுந்து நிற்பதற்காக. அந்த நாளில், ‘அடுத்த வருஷம் ரூ.500 ஏறுமே’ என்று பயந்து உட்கார்ந்தால், இத்தனை வருஷம் கட்டிய பணம் எதற்கு?

மழை வருவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து பாலிசியை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.